குத்தாக வெட்டுவதா, கிடையாக வெட்டுவதா, சுற்றி வருவதா?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, அவர்கள் முதலில் எதை எழுதுகிறார்கள் என்று பார்ப்பது என் பழக்கம். ஒய்² = 4எக்ஸ் என்ற பரவளையமும் ஒய் = 2எக்ஸ் − 4 என்ற நேர்கோடும் சேர்ந்து அடைக்கும் பரப்பு எவ்வளவு? படம் போடுவதற்கு முன்பே பலர் ∫ குறியைப் போட்டு, அதன் வாலில் டிஎக்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். நடுவில் என்ன வரும் என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வருகிறது. இலையைப் போட்டுத் தண்ணீரும் தெளித்துவிட்டு, என்ன சமைக்கலாம் என்று அடுக்களைக்குள் போவதைப் போன்றது இது.

அந்த டிஎக்ஸ் ஒரு முடிவு. பரப்பை எக்ஸ்-அச்சுக்குச் செங்குத்தான மெல்லிய பட்டைகளாக நறுக்கப் போகிறேன் என்பது அதன் பொருள். அதை எழுதும்போது வேறு வழிகளைக் கைவிடுகிறோம் என்று பலருக்கும் தெரிவதில்லை. பாடநூல் முதலில் சொல்லிக்கொடுத்தது டிஎக்ஸ் என்பதால் கை அங்கேயே போகிறது.

வழிகள் பல. நிலைக்குத்துப் பட்டைகளாக நறுக்கலாம். கிடைமட்டப் பட்டைகளாக நறுக்கலாம். வளைவரையின் எல்லையைச் சுற்றி நடந்தே பரப்பைக் கணக்கிடலாம். ஒரு புள்ளியில் நின்று விசிறி மடிப்புகளைப் போல வெட்டலாம். சமன்பாடே இல்லாத வளைவு என்றால் அளவு நாடாவைக் கையில் எடுக்க வேண்டியதுதான். எல்லாவற்றிலும் விடை ஒன்றே என்றாலும் வழி தவறினால் ஒரு பக்கக் கணக்கு நான்கு பக்கமாகும். சில சமயம் விடைக்கே போய்ச் சேர முடியாது.

பட்டையை எப்படித் திருப்புவது

முதல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பரவளையமும் கோடும் (1, −2), (4, 4) ஆகிய புள்ளிகளில் வெட்டிக்கொள்கின்றன. பரவளையத்தின் முனை ஆதிப்புள்ளியில் இருக்கிறது. அது வலப்பக்கம் வாய் திறந்தது.

நிலைக்குத்துப் பட்டைகளாக நறுக்கினால் என்ன ஆகும்? எக்ஸ் 0 முதல் 1 வரை போகும்போது பட்டையின் மேல்முனை, கீழ்முனை இரண்டுமே பரவளையத்தின் மேல் நிற்கின்றன. பட்டையின் உயரம் 4√எக்ஸ். எக்ஸ் 1-ஐத் தாண்டியதும் மேல்முனை பரவளையத்திலேயே இருக்க, கீழ்முனை நேர்கோட்டுக்குத் தாவிவிடுகிறது. உயரம் 2√எக்ஸ் − 2எக்ஸ் + 4. ஆகவே தொகையை இரண்டாக உடைக்க வேண்டும். முதல் துண்டு 8/3, இரண்டாவது துண்டு 19/3, இரண்டும் சேர்ந்து 9.

இந்த வழியில் மாணவர்கள் விழும் குழி ஒன்றுதான். வெட்டுப்புள்ளிகள் 1, 4 என்பதால் எல்லைகளும் 1, 4 என்று நினைத்து, 19/3 என்ற விடையோடு நிறுத்திவிடுவார்கள். பரவளையத்தின் மூக்குப் பகுதி, அதாவது அந்த 8/3, காணாமல் போய்விடும். நானும் மாணவனாக இருந்தபோது ஒரு மாதிரித் தேர்வில் இதே இடத்தில் இதே மூக்கை அறுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது பட்டையைக் கிடையாகத் திருப்புவோம். ஒய் −2 முதல் 4 வரை. எந்த உயரத்தில் வெட்டினாலும் பட்டையின் இடமுனை பரவளையத்தில், வலமுனை கோட்டில். தாவல் எதுவும் இல்லை. நீளம் (ஒய் + 4)/2 − ஒய்²/4. வர்க்கமூலம் போய்விட்டது, உடைப்பும் போய்விட்டது. ஒரே தொகையீடு; விடை 9.

இன்னும் ஒரு சலுகை இருக்கிறது. அந்த நீளம் ஓர் இருபடிக் கோவை. பட்டை மறையும் இரு முனைகளான −2, 4 ஆகியவற்றில் அதன் மதிப்பு பூச்சியம். இப்படிப்பட்ட கோவையின் தொகை, ஒய்²-இன் கெழுவின் அளவை முனைகளின் வித்தியாசத்தின் கனத்தால் பெருக்கி ஆறால் வகுத்தது. ¼ × 216 ÷ 6 = 9. கொள்குறி வினாவுக்கு இந்த ஒரு வரி போதும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மட்டும் தயவுசெய்து படிகளை எழுதிவிடுங்கள்.

நுண்கணிதமே இல்லாமல் இதை முடித்தவரும் ஒருவர் உண்டு. 2200 ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ், ஒரு நாண் பரவளையத்திலிருந்து வெட்டியெடுக்கும் துண்டின் பரப்பு, அதற்குள் வரையும் ஒரு குறிப்பிட்ட முக்கோணத்தின் பரப்பைப் போல 4/3 மடங்கு என்று நிறுவினார். முக்கோணத்தின் மூன்றாவது முனை, நாணுக்கு இணையான தொடுகோடு பரவளையத்தைத் தொடும் இடம். நம் கணக்கில் அது (¼, 1). முக்கோணத்தின் பரப்பு 27/4. அதன் 4/3 மடங்கு 9. பரவளையமும் நேர்கோடும் மட்டும் இருந்தால் இந்த வழியை வெல்ல எதுவுமில்லை. ஆனால் வளைவரை மாறினால் பயன்படாது.

குத்தா கிடையா என்று முடிவு செய்ய நான் சொல்லித்தரும் சோதனை ஒன்றே ஒன்று. படத்தின் மேல் அளவுகோலை நிலைக்குத்தாக வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். அதன் இரு முனைகளும் தொடும் வளைவரைகள் வழியில் மாறுகின்றனவா? பிறகு கிடையாக வைத்துக் கீழிருந்து மேலாக நகர்த்துங்கள். எதில் மாற்றம் குறைவோ அதுவே பட்டையின் திசை. சூத்திரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பட்டையின் முனைகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, எல்லாக் கணக்கையும் கிடையாகவே வெட்டுகிறேன் என்று கிளம்புபவர்களும் உண்டு. ஒய் = எக்ஸ் + சைன் எக்ஸ் என்ற வளைவரைக்கும் ஒய் = எக்ஸ் என்ற கோட்டுக்கும் இடையே, எக்ஸ் 0 முதல் π வரை உள்ள பரப்பைக் கேட்டால்? நிலைக்குத்துப் பட்டையின் உயரம் வெறும் சைன் எக்ஸ். விடை 2, மனக்கணக்கு. கிடையாக வெட்ட வேண்டுமென்றால் ஒய்-ஐக் கொண்டு எக்ஸ்-ஐ எழுத வேண்டும். நமக்குப் பழக்கமான சார்புகளைக் கொண்டு அதை எழுத வழியில்லை. கோள்களின் இருப்பிடத்தைக் கணிக்க கெப்ளர் எழுதிய சமன்பாட்டில் இருப்பதும் இதே முடிச்சுதான். வானியலாளர்கள் இன்றும் அதைத் தோராய முறைகளால்தான் அவிழ்க்கிறார்கள். ஆக, அளவுகோல் சோதனைக்குப் பின் இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு: அந்தத் திசையில் சமன்பாட்டைத் திருப்பி எழுத முடிகிறதா?

திருப்பி எழுத முடிந்தால் லாபம் பெரிது. இயல் மடக்கை வளைவரையின் கீழ் 1 முதல் ஈ (இயல் மடக்கையின் அடிமானமான e) வரையுள்ள பரப்பை நிலைக்குத்தாகக் கண்டால் பகுதித் தொகையிடல் தேவை. கிடையாக வெட்டினால் மடக்கை அடுக்குக்குறிச் சார்பாக மாறிவிடுகிறது. அது தொகையிட்டாலும் மாறாத நல்ல பிள்ளை. இரண்டிலும் விடை 1.

குறி பற்றி ஒரு சொல்

பரப்பு வேறு, வரையறுத்த தொகை வேறு. ஒய் = எக்ஸ்³ − எக்ஸ் என்பதை −1 முதல் 1 வரை அப்படியே தொகையிட்டால் பூச்சியம் வரும். வளைவரை அச்சோடு சேர்ந்து அடைத்திருக்கும் இடமோ ½ சதுர அலகு. இடப்பக்கம் அச்சுக்கு மேலே உள்ள கால் அலகும் வலப்பக்கம் கீழே உள்ள கால் அலகும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. வளைவரை அச்சைக் கடக்கும் இடங்களைக் கண்டுபிடித்து உடைப்பதா, மட்டு மதிப்பு போடுவதா, சமச்சீரைப் பயன்படுத்தி ஒரு பக்கத்தை இரட்டிப்பதா என்றால் என் ஓட்டு மூன்றாவதற்கு. சமச்சீர் இல்லையென்றால் உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மட்டு மதிப்பு போடுவதும் கடைசியில் உடைப்பதில்தான் போய் முடியும்.

மூடிய வளைவரைகள்

இதுவரை பார்த்தவை இரண்டு கோடுகளுக்கு இடையே மாட்டிக்கொண்ட பரப்புகள். தானே தன்னை மூடிக்கொள்ளும் வளைவரை என்றால் நிலைமை மாறுகிறது. நீள்வட்டம் எல்லோருக்கும் தெரிந்தது: எக்ஸ்²/9 + ஒய்²/4 = 1.

பட்டை வழியில் முதல் கால்பகுதியை எடுத்து நான்கால் பெருக்குவோம். (2/3)√(9 − எக்ஸ்²) என்பதை 0 முதல் 3 வரை தொகையிட வேண்டும். சைன் பிரதியிடலோ, மனப்பாடமாக இருக்கும் சூத்திரமோ தேவை. விடை 6π. இங்கே குத்தும் கிடையும் ஒரே சிரமம்தான். பட்டையைத் திருப்பினால் 9-உம் 4-உம் இடம் மாறும், அவ்வளவே.

எக்ஸ், ஒய் இரண்டையும் மூன்றாவது ஒரு மாறியால் எழுதும் துணையலகு வழியில் எக்ஸ் = 3 கோசைன் தீட்டா, ஒய் = 2 சைன் தீட்டா என்று எழுதிவிட்டுச் சுற்றி வரலாம். இதற்கான விதி எளியது. ஆதிப்புள்ளியில் நின்றுகொண்டு, எல்லையில் நடந்து போகும் ஓர் எறும்பைக் கயிற்றால் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எறும்பு ஓர் அடி நகரும்போது கயிறு ஒரு மெல்லிய முக்கோணத்தைத் துடைத்துச் செல்கிறது. அந்த முக்கோணத்தின் பரப்பு ½(எக்ஸ் டிஒய் − ஒய் டிஎக்ஸ்). எறும்பு இடஞ்சுழியாக ஒரு சுற்று முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால், துடைத்த முக்கோணங்களின் கூட்டுத்தொகைதான் அடைபட்ட பரப்பு. ஆதிப்புள்ளி வளைவரைக்கு வெளியே இருந்தாலும் கவலையில்லை. கயிறு போகும்போது துடைத்த வெளிப்பரப்பைத் திரும்பும்போது எதிர்க்குறியோடு துடைத்து அழித்துவிடும். 1828-இல் ஜார்ஜ் கிரீன் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளைத்த தேற்றத்தின் ஒரு சின்ன மூலைதான் இது. கிரீன், நாட்டிங்காம் அருகே மாவு மில் நடத்திய குடும்பத்தில் பிறந்து, பெரும்பாலும் தானே படித்தவர்.

நீள்வட்டத்துக்கு இதைப் போட்டால் ½(6 கோசைன்² + 6 சைன்²), அதாவது வெறும் 3. அதை 0 முதல் 2π வரை தொகையிட்டால் 6π. வர்க்கமூலம் எங்கும் வரவேயில்லை.

மூன்றாவது வழி இன்னும் சோம்பேறித்தனமானது. ஆரம் 3 உள்ள வட்டத்தின் பரப்பு 9π. அதை உயரத்தில் மட்டும் மூன்றில் இரண்டு பங்காக அமுக்கினால் இந்த நீள்வட்டம். பரப்பும் மூன்றில் இரண்டு பங்காகும்: 6π. எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் வினாத்தாள் ‘தொகையிடல் மூலம் காண்க’ என்று கேட்டால் இது செல்லாது; அங்கே துணையலகு வழியை எழுதுங்கள்.

இடையில் ஒரு விஷயம். நீள்வட்டத்தின் பரப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதைப் பார்த்துச் சுற்றளவும் அப்படியே கிடைக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதற்கு எளிய சார்புகளால் ஆன சூத்திரமே கிடையாது. இராமானுஜன் 1914-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் தந்த தோராயங்களில் ஒன்றை நம் நீள்வட்டத்துக்குப் போட்டால் π(15 − √99), ஏறத்தாழ 15.865 வருகிறது. உண்மையான மதிப்போடு அது மூன்று தசம இடங்களுக்கு ஒத்துப்போகிறது.

சுற்றி வரும் வழி உண்மையில் தன் பலத்தைக் காட்டும் இடம் வேறு. எக்ஸ்³ + ஒய்³ = 3எக்ஸ்ஒய். டெகார்ட் 1638-இல் இந்த வளைவரையை முன்வைத்து, முடிந்தால் இதற்குத் தொடுகோடு வரையட்டும் என்று ஃபெர்மாவுக்குச் சவால் விட்டார். ஃபெர்மா வரைந்து காட்டிவிட்டார். முதல் கால்பகுதியில் ஓர் இலையைப் போன்ற கண்ணி இதற்கு உண்டு. அந்த இலையின் பரப்பு என்ன?

நிலைக்குத்துப் பட்டையின் இரு முனைகளும் இதே வளைவரையில் நிற்கின்றன. அவற்றின் உயரத்தைக் காண ஒவ்வோர் எக்ஸ்-க்கும் ஒரு முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். வளைவரை எக்ஸ்-க்கும் ஒய்-க்கும் பொதுவாக இருப்பதால் கிடையாக வெட்டினாலும் அதே தலைவலி. முப்படிச் சூத்திரத்தை எழுதி, அதில் இரண்டு மூலங்களைத் தேர்ந்தெடுத்து, வித்தியாசம் கண்டு, அதைத் தொகையிடவும் ஒருவர் முனைந்தால் அவருடைய பொறுமைக்கு நான் தலைவணங்குவேன், பின்தொடர மாட்டேன்.

ஆதிப்புள்ளியிலிருந்து எம் என்ற சரிவுள்ள ஒரு கோட்டைப் போடுங்கள். ஒய் = எம் எக்ஸ் என்பதைச் சமன்பாட்டில் பிரதியிட்டால் முப்படி உருகி, எக்ஸ் = 3எம்/(1 + எம்³) என்று நேராகக் கிடைக்கிறது. கோட்டின் சரிவு சிறிது கூடும்போது துடைக்கப்படும் மெல்லிய முக்கோணத்தின் பரப்பு, எக்ஸ்²-இல் பாதியைச் சரிவில் ஏற்பட்ட மாற்றத்தால் பெருக்கியது. ஆகவே நாம் தொகையிட வேண்டியது ½ × 9எம்²/(1 + எம்³)². எம் 0 முதல் முடிவிலி வரை. தொகுதியில் உள்ள 9எம்², பகுதியில் உள்ள 1 + எம்³-இன் வகைக்கெழுவின் மூன்று மடங்காக வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே பிரதியிடலில் 3/2 என்று முடிந்துவிடுகிறது. கணக்கே இந்த வழிக்காகக் காத்திருந்தது போல எனக்குத் தோன்றும் இடம் இது.

துணையலகு கையில் இருந்தாலே எறும்புச் சூத்திரம்தான் வேண்டும் என்பதும் இல்லை. உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய புள்ளி வரையும் சைக்கிளாய்டு வளைவரையின் ஒரு வளைவுக்கும் தரைக்கும் இடையே உள்ள பரப்பைக் காண, உயரத்தை டிஎக்ஸ்-ஆல் பெருக்கித் தீட்டாவில் எழுதினாலே போதும். 3π மடங்கு ஆரத்தின் வர்க்கம், அதாவது சக்கரத்தின் பரப்பைப் போலச் சரியாக மூன்று மடங்கு. கலிலியோ இதைத் தகட்டில் வெட்டித் தராசில் நிறுத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வந்தும் அவருக்கு அது சரியாக மூன்று என்ற நம்பிக்கை வரவில்லை. ரோபர்வால் 1630-களில் அதை நிறுவினார். எடைபோடுவதும் ஒரு வழிதான். வளைவு காகிதத்தில் இருந்து, துல்லியமான தராசும் கையில் இருந்தால் இன்றும் அது மோசமான வழியில்லை.

விசிறி வெட்டு

ஒரு புள்ளியைச் சுற்றியே உருவான வளைவரைகளுக்குத் துருவ ஆயத்தொலைவு: அந்தப் புள்ளியிலிருந்து உள்ள தூரம் ஆர், திரும்பிய கோணம் தீட்டா. இதய வடிவில் இருக்கும் கார்டியாய்டு, ஆர் = 1 + கோசைன் தீட்டா என்று ஒரு வரியில் அடங்கிவிடும். அதையே எக்ஸ், ஒய்-இல் எழுதினால் நான்காம் படிச் சமன்பாடு. விசிறியின் ஒரு மடிப்பு மெல்லிய வட்டக்கோணப் பகுதி. அதன் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தில் பாதி பெருக்கல் ரேடியனில் அளந்த கோணம். ஒரு முழுச் சுற்றுக்குத் தொகையிட்டால் 3π/2.

பழைய தமிழ்க் கணக்கு நூல்கள் வட்டத்தின் குழி, அதாவது பரப்பு காண, வட்டத்தில் (சுற்றளவில்) பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கச் சொல்கின்றன. அந்த விதிக்குள் இருப்பதும் இதே விசிறி வெட்டுதான்: வட்டத்தைக் கூரான துண்டுகளாக வெட்டி, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாற்றி அடுக்கினால் நீளம் அரைச் சுற்றளவும் அகலம் ஆரமும் கொண்ட செவ்வகம்.

சுற்றி வருவதும் விசிறியாக வெட்டுவதும் இரு வேறு வழிகள் இல்லை. ஒன்றே இரு உடைகளில் வருகிறது. எக்ஸ் டிஒய் − ஒய் டிஎக்ஸ் என்பதைத் துருவ ஆயத்தொலைவில் மாற்றிப் பாருங்கள். ஆர்²-ஐக் கோண மாற்றத்தால் பெருக்கியதுதான் வரும். ஆகவே இவற்றில் எது என்ற கேள்விக்குக் கணக்கு எந்த உருவில் தரப்பட்டிருக்கிறது என்பதே பதில். ஆர் = ... என்று கொடுத்திருந்தால் விசிறி. எக்ஸும் ஒய்யும் தனித்தனியாக ஒரு துணையலகில் இருந்தால் எறும்பு.

விசிறியில் எச்சரிக்கை தேவைப்படுவது எல்லைகளில். பெர்னூலி 1694-இல் எழுதிய லெம்னிஸ்கேட், படுத்திருக்கும் எட்டு: ஆர்² = கோசைன் 2தீட்டா. அடடா, ஆர்² நேராகவே கொடுத்துவிட்டார்களே என்று 0 முதல் 2π வரை தொகையிட்டால் விடை பூச்சியம்! 45 பாகைக்கும் 135 பாகைக்கும் நடுவே ஆர்² எதிர்மறை; அங்கே வளைவரையே இல்லை. இல்லாத இடத்தின் ‘பரப்பு’ இருக்கும் இடத்தின் பரப்பை விழுங்கிவிட்டது. −45 முதல் 45 பாகை வரை ஒரு கண்ணியை எடுத்தால் ½. இரு கண்ணிகளுக்கும் சேர்த்து 1. எறும்பை விட்டாலும் இங்கே ஏமாற்றமே. எட்டை ஒரே வீச்சில் வரையும்போது ஒரு கண்ணியை இடஞ்சுழியாகவும் மற்றதை வலஞ்சுழியாகவும் சுற்றுவதால் அதுவும் பூச்சியத்தோடு வந்து நிற்கும். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் வளைவரை என்றால் எந்த வழியானாலும் கண்ணி கண்ணியாகப் பிரித்துவிடுவது நல்லது.

மையம் ஆதிப்புள்ளியிலிருந்து தள்ளியிருக்கும் வட்டத்துக்கு விசிறியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வட்டத்துக்கு வெளியே நின்று பார்த்தால் ஒரே கோணத்தில் இரண்டு ஆரங்கள் வரும்.

சமன்பாடு இல்லாத வளைவு

வாழ்க்கையில் நாம் அளக்க வேண்டிய வளைவுகளில் பெரும்பாலானவை சமன்பாட்டோடு பிறப்பதில்லை. ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நீளவாக்கில் 60 மீட்டர் கோடு ஒன்று; பத்து மீட்டருக்கு ஒரு முறை குறுக்கே அகலம் அளக்கிறோம்: 0, 14, 22, 25, 23, 15, 0 மீட்டர். நில அளவையில் நேர்கோட்டிலிருந்து குறுக்களவு எடுக்கும் முறையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

சரிவக விதிப்படி இரண்டு அளவுகளுக்கு நடுவே கரை நேராகப் போவதாகக் கொள்கிறோம்: 10 × 99 = 990 சதுர மீட்டர். சிம்ப்சன் விதிப்படி மூன்று அளவுகளுக்கு ஒரு பரவளையத்தைப் பொருத்துகிறோம். அளவுகளை 1, 4, 2, 4, 2, 4, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, பத்தில் மூன்றிலொரு பங்கால் பெருக்கினால் 1020. வித்தியாசம் 30 சதுர மீட்டர், முக்கால் சென்டுக்குச் சற்றுக் குறைவு. ஊருக்கு வெளியே இது யாருக்கும் பெரிதில்லை. மனை விலை ஏறிய இடமென்றால் வழக்குக்குப் போகும் அளவு.

எதை நம்புவது? கரை இயல்பாக வளைந்து போகும் குளமென்றால் சிம்ப்சன். வெளிப்புறம் புடைத்த வளைவைச் சரிவகங்கள் எப்போதும் குறைத்தே சொல்லும், ஏனென்றால் ஒவ்வொரு சரிவகமும் வளைவுக்குள் அடங்கிவிடுகிறது. கப்பல் கட்டுவோர் நீர்மட்டத்தில் கப்பலின் குறுக்குப் பரப்பைக் காணச் சிம்ப்சன் விதியைப் பயன்படுத்துவதும் இதனால்தான். கப்பலின் பக்கம் வழவழப்பானது. ஆனால் குளத்துக்கு ஒரு பக்கம் கல் கட்டிய நேர்க்கரையும் திடீர் மூலைகளும் இருந்தால் சிம்ப்சன் இல்லாத வளைவைக் கற்பனை செய்துகொள்ளும். அங்கே சரிவகமே யோக்கியன். சிம்ப்சனுக்குத் துண்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதையும் களத்துக்குப் போகும் முன்பே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து துண்டுகளாக அளந்துவிட்டு வீட்டில் வந்து விழிப்பவர்கள் உண்டு.

கரையில் நடந்து புள்ளிகளின் ஆயத்தொலைவுகளைக் கருவியால் குறிக்க முடிந்தால், எறும்பு மறுபடி வருகிறது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு எக்ஸ்₁ஒய்₂ − எக்ஸ்₂ஒய்₁ கண்டு, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் பலகோணத்தின் பரப்பு. அகலமும் வேண்டாம், நடுக்கோடும் வேண்டாம், தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். இதன் குறையை அறிய, ஆரம் 1 உள்ள வட்டத்தில் 12 புள்ளிகள் எடுத்துப் பார்க்கலாம்: பரப்பு சரியாக 3, நாலரை சதவீதம் குறைவு. 24 புள்ளிகள் எடுத்தால் 3.1058. புள்ளிகளை இரட்டித்தால் பிழை நான்கில் ஒன்றாகிறது. அதையே ஒரு கருவியாகப் பயன்படுத்தி, இரண்டாவது விடையின் நான்கு மடங்கிலிருந்து முதல் விடையைக் கழித்து மூன்றால் வகுத்தால் 3.1411. இரண்டு மட்டமான அளவைகளிலிருந்து ஒரு நல்ல அளவை. காகிதத்தில் உள்ள வளைவுக்கு இதே சுற்றி வரும் வேலையைச் செய்ய ஸ்விட்சர்லாந்தின் யாக்கோப் ஆம்ஸ்லர் 1854-இல் பிளானிமீட்டரை உருவாக்கினார். ஊசிமுனையை எல்லையில் ஒரு சுற்று நகர்த்தினால் சக்கரத்தில் பரப்பு வந்து நிற்கும்.

பட்டை விதிகளுக்கு முனைகளில் ஒரு பலவீனம் உண்டு. கால்வட்டத்தை நான்கு துண்டாக்கிச் சிம்ப்சன் போட்டால் 0.7709, உண்மை 0.7854. வட்டம் அச்சைத் தொடும் இடத்தில் செங்குத்தாக இறங்குகிறது. அந்தச் சரிவைப் பரவளையத்தால் பிடிக்க முடியவில்லை. அதே கால்வட்டத்தை எக்ஸ்-க்குப் பதில் கோணத்தைச் சமமாக நான்காகப் பிரித்து எழுதிவிட்டு, மட்டம் என்று நாம் ஒதுக்கும் சரிவக விதியைப் போட்டால் சரியாக π/4 வருகிறது. ஒரு துளியும் பிழையில்லை. இங்கே விதியைவிட, எங்கெங்கே வெட்டினோம் என்பதுதான் விடையைத் தீர்மானித்தது. கோணத்தில் சமமாகப் பிரித்ததால் வெட்டுகள் செங்குத்தாக இறங்கும் முனையருகே தாமாகவே நெருங்கிவிட்டன.

நம் குளத்துக்கும் அதே வைத்தியம்தான். உருண்டையாக முடியும் இரு கோடிகளிலும் முதல் பத்து மீட்டரில் நடுவே ஐந்தாவது மீட்டரில் ஓர் அகலம் கூடுதலாக அளந்துகொள்ளுங்கள். அந்த இரண்டு கோடிகளுக்கும் தனியாக ஐந்து மீட்டர் இடைவெளியில் சிம்ப்சன், நடுவே உள்ள நாற்பது மீட்டருக்குப் பத்து மீட்டர் இடைவெளியில் சிம்ப்சன். நாடாவை இரண்டே முறை கூடுதலாகப் பிடித்தால் போதும்.